நீளமான தையலுக்கு ஆசைப்பட்டவள்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் பிறருக்குப் பயன்படக்கூடியது அநேகமாக அது ஒன்றுதான்.

மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆன பிறகு, ஐம்பத்தைந்தாவது வயதில், ஒருநாள் காலை எனக்கு மறுபடி உதிரம் பட்டது. நான் ஒரு பொறியியல் கல்லூரியில் நூலகர். எந்தச் சந்தேகத்துக்கு எந்த அலமாரியைப் பார்க்க வேண்டும் என்று முப்பது வருடமாக ஊருக்குச் சொல்லிக்கொண்டிருப்பவள். அப்படிப்பட்டவள் எந்த அலமாரியையும் பார்க்காமல், எந்த டாக்டரையும் கேட்காமல், பல் விளக்கிக்கொண்டே நோயைக் கண்டுபிடித்துவிட்டேன்: உடம்பு சூடு.

சூடு என்பது நம்மிடம் இருக்கும் மாபெரும் மருத்துவக் கோட்பாடு. கண் எரிந்தால் சூடு. வாயில் புண் வந்தால் சூடு. முடி கொட்டினால், முகத்தில் கட்டி வந்தால், மேலதிகாரி மேல் கோபம் வந்தால்கூடச் சூடு. நோய் ஒன்றே என்பதால் வைத்தியமும் ஒன்றே: ஊறவைத்த வெந்தயம், நீர்மோர், இளநீர், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். இரண்டரை மாதம் இதை விடாமல் செய்தேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் இளநீர் வெட்டுகிறவர் நான் வருவதைத் தூரத்தில் பார்த்ததுமே அரிவாளைக் கையில் எடுக்கும் அளவுக்குப் பழகிவிட்டார். உதிரம் நிற்கவில்லை. சளி மட்டும் பிடித்தது.

கடைசியில் என் தங்கை ஸ்டெல்லாவிடம் மாட்டிக்கொண்டேன். அவள் வங்கியில் வேலை பார்ப்பவள். எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் விடமாட்டாள். அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவசரத்துக்கு ஒரு நாப்கின் கேட்டேன்.

"என்னக்கா, மூணு வருஷத்துக்கு முன்னாடி மிச்சமிருந்த பாக்கெட்டையெல்லாம் 'எனக்கு விடுதலை'ன்னு சொல்லி என் தலையில கட்டின. இப்ப எதுக்குத் திருப்பிக் கேக்குற?"

"கொஞ்சம் சூடு, ஸ்டெல்லா."

"எத்தன நாளா?"

சொன்னேன்.

"லூசாக்கா நீ? இத்தன புக்கு படிச்சு என்ன பிரயோஜனம்?" என்றவள், பதிலுக்குக் காத்திராமல் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். அரை மணி நேரத்தில் குரோம்பேட்டையில் ஒரு மகப்பேறு மருத்துவரின் வாசலில் இருந்தேன். ஆகவே, வாசிக்கும் பெண்களுக்கு: மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். ஆனால் எது சாதாரணம் என்று வெந்தயத்துக்குத் தெரியாது.

ஸ்கேன் எடுத்த பெண் முதலில் "தாம்பரத்துல எங்க இருக்கீங்க மேடம்?" என்று உற்சாகமாகப் பேச்சுக் கொடுத்தாள். "தாம்பரம் இல்லம்மா, அஸ்தினாபுரம்" என்று நான் திருத்திக்கொண்டிருந்தபோது அவள் பேச்சு நின்றுவிட்டது. கருவியை ஒரே இடத்தில் வைத்து அழுத்தினாள். ஸ்கேன் அறையில் பேச்சு இருக்கும்வரை பயமில்லை என்பதை அன்று தெரிந்துகொண்டேன். கர்ப்பப்பையின் உள்சுவர்ச் சவ்வு, என் வயதுக்கு இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு தடித்திருந்தது. அதிலிருந்து துளித் திசுவைச் சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். இதற்குப் பயாப்ஸி என்று பெயர். முடிவு வர ஒரு வாரம். வந்தது புற்றுநோய். பிறகு வயிறு முழுவதும் சி.டி. ஸ்கேன். கர்ப்பப்பையிலிருந்து கிளம்பியது வெளியே போய், வயிற்றுக்குள் ஏப்ரன் மாதிரித் தொங்கும் கொழுப்புத் திரையிலும், சில நிணநீர்க் கணுக்களிலும், வயிற்றின் உட்சவ்வில் அங்கங்கேயும் குடியேறியிருந்தது. கொஞ்சம் நீரும் கோத்திருந்தது. மூன்றாவது ஸ்டேஜைத் தாண்டி நான்காவது. நான் எந்தத் தேர்விலும் இப்படி வேகமாக வகுப்பு ஏறியதில்லை.

குரோம்பேட்டை டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு ஓ.எம்.ஆர். சாலை ஓரம் இருந்த ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். அங்கேதான் டாக்டர் வளர்மதி. பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுக்கு மட்டுமே அறுவை செய்கிறவர். குட்டையானவர், தடித்த கண்ணாடி, சத்தமான குரல். என்னுடன் என் கணவர் சகாயம் வந்திருந்தார். அவர் பம்மலில் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர். எனக்கு ரத்தப் பரிசோதனைக்கு ஊசி போட்டாலே கூரையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

"சுகர் இருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"இருக்கு."

"வெயிட்டு?"

"அதுவும் இருக்கு."

"குழந்தைங்க?"

"அது மட்டும் இல்ல, டாக்டர்."

சகாயம் மின்விசிறியைப் பார்த்தார். டாக்டர் எழுதுவதை நிறுத்தவில்லை. ஆனால் குரலைக் கொஞ்சம் இறக்கினார். இந்த மூன்றும் இந்த நோய்க்கு வழிவிடுகிற விஷயங்கள்தான் என்றும், அதற்காக யார் மீதும் குற்றமில்லை என்றும் சொன்னார். பிறகு ஒரு தாளைத் திருப்பிப்போட்டுப் படம் வரைந்தார். கத்தரிக்காய் போல ஒரு கர்ப்பப்பை, அதைச் சுற்றிப் புள்ளிகள்.

"இப்ப ஆபரேஷன் வேண்டாம்," என்றார். "முதல்ல மூணு தடவை கீமோ. அப்புறம் ஸ்கேன். அதைப் பாத்துட்டுப் பேசுவோம். அடுத்த செவ்வாய்க்கிழமை காலைல ஒம்பது மணிக்கு வாங்க."

இப்ப வேண்டாம். இந்த இரண்டு சொற்கள் எங்கள் குடும்பத்தில் செய்த வேலையை எந்தக் கட்டியும் செய்திருக்காது.

மறுநாள் ஞாயிறு. கோயிலுக்குப் போய்விட்டு எல்லோரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். ஸ்டெல்லாவின் கட்சி, உடனே அறுவை செய்ய வேண்டும் என்பது. "ஆபரேஷன் இல்லன்னா கைவிட்டுட்டாங்கன்னு அர்த்தம். உள்ள இருக்கறத வச்சிக்கிட்டு மருந்து குடுப்பாங்களாமா? வீட்ல பாம்பு இருக்கு, முதல்ல ஊதுபத்தி கொளுத்துவோம்ங்கற கதையா இருக்கு."

என் அண்ணன் மரியதாஸ் எதிர்க்கட்சி. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கத்தி பட்டால் புற்று பரவும் என்பது அவர் கொள்கை. சாட்சிக்கு ஆட்களும் வைத்திருந்தார். "எங்க செக்‌ஷன்ல ஒருத்தன், நல்லா நடந்துக்கிட்டிருந்தான். வயித்தத் தொறந்தாங்க, காத்து பட்டுது. மூணே மாசம். அவன் மச்சானுக்கும் அதே கததான்."

"அண்ணா, அவர் தொறந்ததால சாகல."

"நீ பாத்தியா?"

"நீங்க பாத்தீங்களா?"

நான் நடுவில் ஒரு நாற்காலியில், சபையின் முன் வைக்கப்பட்ட மசோதாவைப் போல உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு பேருமே என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அப்போது சகாயம் சமையலறையிலிருந்து தலையை நீட்டினார். கையில் வெங்காயம்.

"செவ்வாய்க்கிழமை ஒம்பது மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. கைவிட்டவங்க எதுக்கு டைம் குடுக்கப் போறாங்க?"

சொல்லிவிட்டு மறுபடி வெங்காயம் நறுக்கப் போய்விட்டார்.

செவ்வாயன்று டாக்டர் அறைக்குள் நான்கு பேர் போனோம். நாற்காலி இரண்டுதான். அண்ணன் நின்றுகொண்டே தன் செக்‌ஷன் ஆளின் கதையைச் சொன்னார். டாக்டர் முழுவதையும் கேட்டார். அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு.

"சார், கத்தி பட்டதால பரவறதில்ல. ஏற்கெனவே பரவினவங்களத் தொறந்து பாத்து, எடுக்க முடியாம மூடியிருப்பாங்க. அதுக்கப்புறம் என்ன ஆனாலும் பழி கத்தி மேல விழுந்துடும்." பிறகு ஸ்டெல்லா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கும்மா. இந்த ஸ்டேஜ்ல ஆபரேஷனுக்கு ஒரு பெரிய வேலை இருக்கு. ஆனா எடுத்தா முழுசா எடுக்கணும். கண்ணுக்குத் தெரியறது ஒண்ணுகூட மிச்சம் வைக்கக் கூடாது. அப்பதான் பின்னாடி குடுக்கற மருந்துக்கு வேலை சுலபம். பாதியை எடுத்துட்டு பாதியை விட்டா, உங்க அக்காவுக்கு வலிதான் லாபம். அந்தக் காயம் ஆறுற வரைக்கும் மருந்தும் தள்ளிப் போகும். இன்னிக்கு இருக்கற நிலமைல முழுசா எடுக்க முடியாது. மருந்து குடுத்து சுருக்கிட்டுப் பாப்போம்."

"சுருங்கலன்னா?" என்று கேட்டேன். கூட்டத்தில் நோயாளி பேசியது அதுவே முதல் தடவை.

"சுருங்கலன்னா சும்மா தொறந்து மூடறதுக்கு நான் கத்தி எடுக்க மாட்டேன். வேற மருந்து பாப்போம்."

பிடித்துப்போயிற்று எனக்கு. ஆறுதல் சொல்லாதவர் சொல்கிற ஆறுதலில் கலப்படம் இருக்காது.

கீமோ நாட்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சுருக்கிக்கொள்கிறேன். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, கைநரம்பு வழியாக இரண்டு மருந்துகளை ஒரு பகல் முழுக்கச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். அதற்கு முன் காத்திருப்புக் கூடம். சுவரில் டோக்கன் எண் மாறும் திரை. நாற்பது பேர் ஒரு திரையை இத்தனை ஈடுபாட்டோடு பார்த்து நான் கண்டதில்லை. நூலகத்தில் ஒருவரும் எதையும் இப்படிப் பார்த்ததில்லை. முதல் கீமோ முடிந்த மூன்றாம் வாரம் முடி கொட்டியது. ஸ்டெல்லா தலைக்குக் கட்ட ஏழு துணிகள் கொண்டுவந்தாள், கிழமைக்கு ஒன்று. கல்லூரிப் பிள்ளைகள் மரியாதை காரணமாக என் தலையைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துப் பேசினார்கள்.

சோதனை, நாக்குக்குத்தான். எதைச் சாப்பிட்டாலும் ஆணியைச் சப்புகிற ருசி. நான் யாரிடமும் சொல்லவில்லை. தட்டைத் தள்ளி வைத்தேன், அவ்வளவுதான். மறுநாள் சகாயம் எவர்சில்வர் கரண்டி, தட்டு, தம்ளர் எல்லாவற்றையும் மேசையிலிருந்து அகற்றியிருந்தார். ஐஸ்கிரீமுக்குக் கொடுப்பார்களே, அந்த மரக்கரண்டி ஒரு கட்டும், ஒரு பீங்கான் கிண்ணமும் இருந்தன. எங்கே கேட்டார், யாரிடம் கேட்டார், தெரியாது. சோறு சோறாக ருசித்தது. கத்திக்கு எதிர்க்கட்சியான அண்ணன் வாரம் தவறாமல் இரண்டு பஸ் மாறி ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தார். மூடியைத் திறந்துகொண்டே, "நான் இன்னும் ஒத்துக்கல, லில்லி" என்பார். கட்சி வேறு, சூப் வேறு.

மூன்றாவது கீமோவுக்குப் பிறகு மறுபடி ஸ்கேன். வியாழக்கிழமைதோறும் அந்த மருத்துவமனையில் அறுவை டாக்டர்கள், மருந்து டாக்டர்கள், கதிரியக்க டாக்டர்கள், ஸ்கேன் படிக்கிறவர்கள் என்று எல்லோரும் ஒரு அறையில் கூடி, ஒவ்வொருவருடைய படத்தையும் பெரிய திரையில் போட்டு விவாதிப்பார்களாம். தனியொருவர் முடிவெடுக்காமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. அந்த வியாழன் என் குடலும் கல்லீரலும் திரைக்கு வந்தன. நான் வீட்டில் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரே புடவைக்கு மூன்று தடவை.

வெள்ளிக்கிழமை டாக்டர் வளர்மதி கூப்பிட்டார். நீர் வற்றிவிட்டது. புள்ளிகள் பெரும்பாலும் சுருங்கிவிட்டன. "போகலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். ஆனா ஸ்கேன்ல தெரியாத சின்னச் சின்ன துணுக்கு இருக்கலாம். அதனால முதல்ல தொப்புள் பக்கம் சின்னதாத் துளை போட்டு, கேமரா விட்டுப் பாப்பேன். முழுசா எடுக்க முடியும்னு தெரிஞ்சா தொறப்பேன். முடியாதுன்னா அதோட வெளிய வந்துடுவேன்."

"டாக்டர், எது நடந்துதுன்னு எழுந்ததும் எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கையை வயித்துல வச்சுப் பாருங்க. தொப்புள்கிட்ட ரெண்டு மூணு சின்ன பிளாஸ்டர் மட்டும் இருந்தா எடுக்கல. மேலேருந்து கீழ வரைக்கும் நீளமாக் கட்டு இருந்தா, தொறந்து வேலை பண்ணியிருக்கேன்னு அர்த்தம்."

ஆக, உலகத்தில் எல்லோரும் சின்னத் தழும்பு கேட்டுப் பிரார்த்திக்கும்போது, நான் ஒருத்தி நீளமான தையலுக்கு மன்றாடினேன். பக்கத்துத் தெருச் சபையிலிருந்து ஜெபம் பண்ண வந்த பெண்களிடமும் இதையே சொன்னேன். "கர்த்தாவே, எங்கள் சகோதரிக்கு..." என்று ஆரம்பித்த அம்மா, "...பெரிய... நல்ல... தையலை..." என்று தடுமாறி, "உமது சித்தப்படி" என்று முடித்துக்கொண்டார்.

அறுவை நாள் காலை பச்சை அங்கியில் நான் படுத்திருந்தேன். என் கண்ணாடி, சங்கிலி, மோதிரம் எல்லாவற்றையும் சகாயம் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"கண்ணாடி இல்லாம உனக்கு ஒண்ணும் தெரியாதே," என்றார்.

"தூங்கத்தான போறேன்."

"எழுந்ததும் தேடுவல்ல. நான் வாசல்லயே நிக்கிறேன்."

கதவு மூடியது.

கண் விழித்தபோது நாக்கு அட்டையாக இருந்தது. எங்கேயோ ஒரு கருவி ஒரே சீராகக் கத்திக்கொண்டிருந்தது. முதல் நினைவே கை. இடது கையில் குழாய்கள், அசையவில்லை. வலது கை சொன்னபடி கேட்டது. போர்வைக்குள் நகர்த்தித் தொப்புள் என்று நினைத்த இடத்தில் வைத்தேன். பஞ்சுக் கட்டு. அது ஒன்றும் நிரூபிக்கவில்லை. விரலை மேலே நகர்த்தினேன். கட்டு. இன்னும் மேலே. கட்டு. கீழே. அங்கேயும் கட்டு. அதற்குள் ஒரு நர்ஸ் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"அம்மா, கைய எடுங்க. டியூப் இருக்கு. என்ன தேடுறீங்க?"

"நீளம்."

"என்ன நீளம்?"

"தையல் எவ்வளவு நீளம், சிஸ்டர்?"

அவர் பாவம், சின்னப் பெண், தவறாகப் புரிந்துகொண்டு என் கன்னத்தைத் தடவினார். "கவலப்படாதீங்கம்மா. ஆறு மாசத்துல கோடு மங்கிடும்."

"மங்க வேணாம். எங்கேருந்து எங்க வரைக்கும்?"

"நெஞ்சுக்குக் கீழேருந்து அடிவயித்து வரைக்கும்மா."

"ரொம்ப தேங்க்ஸ், சிஸ்டர்," என்றேன். நோயாளி குழப்பத்தில் இருக்கிறார் என்று அவர் யாரிடமோ சொல்வது கேட்டது. அவ்வளவு தெளிவாக நான் என் வாழ்நாளில் இருந்ததில்லை.

ஆனால் திறந்தார்கள் என்பதுதான் தெரிந்தது. முழுவதும் வந்ததா? அதைச் சகாயம் சொல்லித்தான் அறிந்தேன். இரண்டாம் நாள், கண்ணாடியை எனக்கு மாட்டிவிட்ட பிறகு சொன்னார். அவர் சொல்லாமல் விட்டதை ஸ்டெல்லா சொன்னாள்.

நம் ஊர் மருத்துவமனைகளில் ஒரு வழக்கம் உண்டு. அறுவை முடிந்ததும் உறவினரைக் கூப்பிட்டு, எடுத்ததை ஒரு தட்டில் வைத்துக் காட்டுவார்கள். "லில்லி அட்டெண்டர் யாரு?" என்று குரல் வந்ததும் மூன்று பேரும் எழுந்திருக்கிறார்கள். டாக்டர் வளர்மதி தொப்பியும் முகமூடியுமாக நிற்கிறார். அருகில் ஓர் உதவியாளர், கையில் எவர்சில்வர் தட்டு. கத்தியின் எதிர்க்கட்சித் தலைவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டெல்லா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அத்தான் எந்த நொடியும் விழுவார் என்று ஒரு நாற்காலியை மட்டும் காலால் அவருக்குப் பின்னால் தள்ளியிருக்கிறாள்.

சகாயம் விழவில்லை. கூரையையும் பார்க்கவில்லை. குனிந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நிதானமாகப் பார்த்திருக்கிறார். பிறகு கேட்டிருக்கிறார்:

"மேடம், கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க."

டாக்டர் முகமூடியை இறக்கினாராம். "இத்தன வருஷத்துல யாரும் இதக் கேட்டதில்ல, சார்."

"நான் தோல் செலக்‌ஷன்ல இருக்கேன், மேடம். பின்பக்கம் பாக்காம எதையும் பாஸ் பண்ண மாட்டேன்."

டாக்டர் திருப்பிக் காட்டினார். ஒவ்வொன்றாகக் காட்டினார்: கர்ப்பப்பை, இரண்டு சினைப்பைகள், கொழுப்புத் திரை, சில கணுக்கள், உட்சவ்விலிருந்து எடுத்த துணுக்குகள்.

"உள்ள?" என்று சகாயம் கேட்டிருக்கிறார்.

"கல்லீரலுக்கு மேல, அதுக்குப் பின்னாடி, குடல் மடிப்பு ஒவ்வொண்ணும் கைய விட்டுப் பாத்தாச்சு. கண்ணுக்குத் தெரியறது எதுவும் விடல, சார்."

"சரிங்க மேடம்," என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, கழிப்பறைக்குப் போய் இருபது நிமிடம் வெளியே வரவில்லை. இது ஸ்டெல்லா சொன்னது.

"எப்படி இருந்துச்சு?" என்று அவரிடம் கேட்டேன்.

கட்டில் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "சின்னதாத்தான் இருந்துச்சு, லில்லி."

கல்யாணமான முதல் பத்து வருடம் இந்தச் சின்ன உறுப்பைச் சுற்றித்தான் எங்கள் வீட்டில் நாட்காட்டி ஓடியது. எத்தனை டாக்டர், எத்தனை நேர்ச்சை. அதை நேரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான். சிரித்தால் தையல் இழுக்கும் என்று தெரிந்தும் நானே கேட்டேன்.

"என்ன கிரேடு போட்டீங்க?"

"ரிஜெக்ட்," என்றார். "ரெண்டு பக்கமும்."

தையல் இழுத்தது. அந்தச் சிரிப்புக்கு அந்த வலி தகும்.

அடுத்த நாட்கள் வார்டு ஆயா கஸ்தூரியின் ஆட்சி. வயிற்றைத் திறந்து மூடியவர்களுக்குக் குடல் மறுபடி வேலை செய்யத் தொடங்கியதா என்பதே பெரிய கேள்வி; அதற்குச் சான்று காற்றுப் பிரிவது. அது நடக்கும்வரை இட்லி இல்லை. டாக்டர்கள் நாசூக்காகக் கேட்பார்கள். கஸ்தூரி வாசலிலிருந்தே கேட்பாள்.

"இன்னாம்மா, காத்து போச்சா?"

"இன்னும் இல்ல."

"சும்மா படுத்துகினு கீறயே, எப்டிப் போவும்? எந்திரி. நட. புக்கு பட்ச்சா காத்து போவாது."

மூத்திரக் குழாய்ப் பையை ஒரு கையிலும் என்னை மறுகையிலும் பிடித்துக்கொண்டு, தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடத்தினாள். பார்க்க வருகிற அண்ணன், தங்கை, கல்லூரி முதல்வர் எல்லோருக்கும் அதே கேள்விதான் வாய்வரை வந்து நின்றது. நான்காம் நாள் காலை அது நடந்தது. முதல்வர் கட்டில் பக்கத்தில் இருந்தார். நான் வெட்கப்பட நேரமில்லை. கஸ்தூரி தாழ்வாரம் முழுக்க அறிவித்துவிட்டாள். "பதினாலாம் பெட்டுக்கு இட்லி சொல்லுங்கோ!" என் முப்பது வருடப் பணிக்கு யாரும் இப்படி ஒரு பாராட்டு விழா நடத்தியதில்லை.

இதை எழுதுகிறபோது, அறுவைக்குப் பிறகான மூன்று கீமோக்களில் இரண்டு முடிந்திருக்கின்றன. ஒன்று பாக்கி. எடுத்ததைச் சோதித்ததில், மருந்து நிறையவே கொன்றிருக்கிறது என்றும், உயிரோடு இருந்தவையும் இருந்தன என்றும் தெரிந்தது. அவற்றை எடுத்தது நல்லதாயிற்று. நோய் திரும்ப வரலாம். வராமலும் இருக்கலாம். இதை டாக்டர் மறைக்கவில்லை, நானும் மறைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைக்கும் என்றும் சொல்லமாட்டேன். சிலருக்கு முதலிலேயே அறுவை, சிலருக்கு மருந்து மட்டுமே சரி. அதைப் படம் வரைந்து விளக்குகிற டாக்டரைத் தேடிப் போங்கள். அண்ணன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. சூப் வருகிறது.

வீட்டுக்குத் திரும்பிய நாளைச் சொல்லி முடிக்கிறேன். வாடகைக் கார். வேகத்தடை வரும்போதெல்லாம் நான் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டேன். டிரைவர் தாமாகவே வேகத்தைக் குறைத்தார். மடியில் டிஸ்சார்ஜ் தாள்கள். சகாயம் நேரில் பார்த்திருந்தார், டாக்டர் வாயால் சொல்லியிருந்தார், எல்லாம் சரி. ஆனால் நான் நூலகர். அச்சில் பார்க்காததை நம்பிப் பழக்கமில்லை. மூன்றாவது பக்கத்தில், ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் இருந்தது. சகாயத்துக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"அறுவை முடிவில் வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியும் நோய் எதுவும் மிச்சமில்லை."

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மேடவாக்கம் சிக்னலில் வண்டி நின்றது.

"அந்த வரிய இன்னொரு தடவ படி," என்றார்.

படித்தேன். பச்சை விழுந்தும் டிரைவர் நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் கியரைப் போட்டார். அவரும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

செம்பாக்கம் தாண்டியபோது சகாயம் மறுபடி, "கடைசில என்ன போட்டிருக்கு?" என்றார்.

"மிச்சமில்லை."

"முழுசாப் படி."

முழுசாகப் படித்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ நல்ல வரிகளை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஒன்றைக்கூட அவர் திரும்பக் கேட்டதில்லை. அஸ்தினாபுரம் திருப்பம் வந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை; கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நானாகவே இன்னொரு தடவை வாசித்தேன்.